மோட்டார்ஹோமுக்குக் குறைந்த விலையில் மாற்று டயர்: தேதியும் எடையும் முதலில், பிராண்டு பிறகு

2023ஆம் ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து ஜோகூர் பாருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, யோங் பெங் தாண்டி ஆயர் ஈத்தாமை நெருங்கும் இடத்தில், எங்கள் மோட்டார்ஹோமின், அதாவது வீடுபோல் தங்கிப் பயணம் செய்யும் வண்டியின், இடப்பக்கப் பின் டயர் பட்டை உரிந்தது. டயர் வெடிக்கவில்லை, காற்றும் உடனே இறங்கவில்லை. தரைப்பட்டை ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து, சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் மேல் வளைவை அடித்து, அதற்குப் பின்னால் ஓடிய கழிவுநீர்க் குழாயை உடைத்த பிறகுதான் அவசரத் தடத்தில் வண்டியை நிறுத்த முடிந்தது. கழற்றிப் பார்த்தால், வரிகளின் ஆழம் 6 மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. புதுடயர் போலவே இருந்தது. பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் 1116 என்று நான்கு இலக்கங்கள் இருந்தன. 2016ஆம் ஆண்டின் 11ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் அது. அதை நாங்கள் 2019இல் ஒரு கடையில் ‘புதுசு’ என்று சொல்லித்தான் வாங்கினோம். தேதியைப் பார்க்க வேண்டும் என்பதே அன்று எங்களுக்குத் தெரியாது.

நான் ஈசூனில் வசிக்கிறேன். சிங்கப்பூரில் மோட்டார்ஹோம் வைத்துக்கொள்வதற்கு வண்டி வைத்திருக்கும் உரிமைக்கான சிஓஇ கட்டணமும் நிறுத்துமிடமும் இடம் கொடுப்பதில்லை. ஆகவே ஹைஏஸ் வேனை அடிப்படையாகக் கொண்டு கட்டிய வண்டி ஒன்றை மச்சான் பெயரில் மலேசியாவில் பதிந்து, ஸ்கூடாயில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, செலவைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்கிறோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான்கு சக்கரங்களுக்கும் ஸ்பேருக்குமாக ஐந்து டயர் மாற்ற வேண்டியிருந்தது, கையிருப்போ குறைவு. குறைந்த விலையில் வாங்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது என்ற முடிவோடு நாங்கள் செய்தவற்றையும், அப்போது செய்யத் தவறிப் பின்னர் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சிங்கப்பூரில் பதிவான வேன் வைத்திருப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு

டாக்சியின் டயர் ஓடித் தேய்ந்து சாகிறது. மோட்டார்ஹோமின் டயர் நின்று, வெயிலில் காய்ந்து, சுமை தாங்கிச் சாகிறது. எங்கள் வண்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. ஆறு ஆண்டுகளில் ஒரு டயரை மாற்றிவிடுவதாக வைத்துக்கொண்டால், அது வாழ்நாளில் காணப்போவது 36,000 கிலோமீட்டர். விலை உயர்ந்த டயர் 70,000 அல்லது 80,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அந்த உழைப்பில் பாதியை நாம் பயன்படுத்தப்போவதே இல்லை. அதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

குறைந்த விலை டயரை மோட்டார்ஹோமுக்குப் பொருத்தலாம் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். ஆயினும் இதே கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. வயதால் சாகும் பொருளை வாங்கும்போது அதன் பிறந்த தேதிதான் அதன் உண்மையான விலை. ஒரு டயர் 300 ரிங்கிட் என்றும், அது கடையில் ஏற்கெனவே மூன்று ஆண்டு கிடந்தது என்றும் வைத்துக்கொண்டால், மீதமுள்ள மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 100 ரிங்கிட் ஆகிறது. போன மாதம் செய்யப்பட்ட டயர் 420 ரிங்கிட் என்றாலும் ஆண்டுக்கு 70 ரிங்கிட்தான். மலிவாகத் தோன்றியது மலிவன்று. இந்த எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் கடையின் விலையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

மாற்றும் காலம் வந்துவிட்டதா

சிங்கப்பூரில் சட்டப்படி டயர் வரிகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளங்களுக்கு நடுவே குறுக்காக அமைந்திருக்கும் சிறு மேடுகள் தரைப்பட்டையின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். வரிகளை மலாயில் ‘புங்கா’, அதாவது பூ, என்பார்கள். நம்மவர்களும் பேச்சில் ‘பூ தேஞ்சிருச்சு’ என்றே சொல்வதுண்டு. ஆனால் மோட்டார்ஹோமில் பூ தேய்வதற்குள் டயர் கெட்டுவிடும் என்பதால், பூவைப் பார்த்து முடிவெடுப்பது நம்மை ஏமாற்றும்.

பார்க்க வேண்டியவை வேறு. பக்கவாட்டுச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள், வரிப் பள்ளங்களின் அடியில் ஓடும் வெடிப்புகள், உள்ளங்கையால் தடவும்போது தட்டுப்படும் வீக்கம், ஓட்டும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் புதிதாகத் தோன்றும் அதிர்வு ஆகியவை அபாயக் குறிகள். எங்கள் டயர் உரிவதற்கு முன் அரை மணி நேரமாகவே பின்பக்கம் லேசாகத் தடதடத்தது. சாலை சரியில்லை என்று பேசிக்கொண்டு வந்தோம்.

ரப்பர் ஏன் நின்ற இடத்திலேயே கெடுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். அதைத் தடுக்கும் மெழுகும் வேதிப்பொருளும் டயருக்குள்ளேயே கலக்கப்பட்டிருக்கின்றன. டயர் ஓடி நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து காப்புப் படலமாகப் படர்கின்றன. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்த நெளிவு இல்லை. இன்னொரு புறம், உள்ளே இருக்கும் அழுத்தக் காற்றின் ஆக்சிஜன் மெல்ல மெல்ல உள்ளிருந்தே ஊடுருவி, எஃகுப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள ரப்பரை இறுகச் செய்கிறது. நம் ஊர் வெப்பம் இந்த வேலையை விரைவுபடுத்துகிறது. இறுகிய ரப்பர் ஒருநாள் சுமையும் சூடும் சேரும்போது பிடியை விடுகிறது. எங்கள் டயர் உரிந்தது அப்படித்தான். இது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

ஐந்து ஆண்டு ஆனதும் ஆண்டுதோறும் பட்டறையில் காட்ட வேண்டும், எப்படியிருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது பெரிய டயர் நிறுவனங்கள் பல சொல்லும் பொதுவான அறிவுரை. வெயிலில் நின்று, சுமையோடு நெடுஞ்சாலை ஓடும் வண்டிக்குப் பத்து ஆண்டு என்பது என் கணிப்பில் மிக அதிகம். செய்த தேதியிலிருந்து ஆறு ஆண்டு என்பதே எங்கள் வீட்டு விதி. ஸ்பேர் டயருக்கும் அதே விதிதான். ஒருமுறைகூட ஓடாத ஸ்பேரும் மற்றவற்றோடு சேர்ந்தே கிழமாகிறது.

எடை: யாரும் செய்யாத, ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலை

கடைக்குப் போகும் முன் வண்டியை நிறுக்க வேண்டும். வேன் தயாரித்த நிறுவனம் கணக்கிட்டது வேனை. அதன் மேல் நாம் ஏற்றிய அலமாரி, படுக்கை, குளிர்பெட்டி, மின்கலம், எரிவாயு உருளை, தண்ணீர் ஆகியவை எந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்பதை அது அறியாது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 80 லிட்டர் தொட்டியை நிரப்பினால் ஒரு பெரிய ஆளைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம்.

மச்சானுக்குத் தெரிந்த செம்பனைப் பழம் வாங்கும் நிலையம் ஒன்று கூலாய் பக்கம் இருக்கிறது. அங்கே லாரி நிறுக்கும் எடைமேடை உண்டு. பயணம் போவது போலவே தண்ணீரும் டீசலும் நிரப்பி, துணிமணி, அரிசி, பாத்திரம், நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பத்தோடு போய் நின்றோம். எடைமேடைப் பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, குலை எங்க?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே நான்கு முறை நிறுத்துக் கொடுத்தார்.

நிறுக்கும் முறை இதுதான். முதலில் முழு வண்டியையும் மேடையில் ஏற்றுங்கள். பிறகு முன் சக்கரங்களை மட்டும், அடுத்துப் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றுங்கள். கடைசியில், மேடை தரைமட்டத்தில் இருந்தால், பின்பக்கத்து ஒரே ஒரு சக்கரத்தை மேடையின் விளிம்பில் நிறுத்துங்கள். ஆட்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் வண்டி மொத்தம் 2,750 கிலோ. முன் அச்சு 1,190, பின் அச்சு 1,560. இதுவரை கவலையில்லை. ஆனால் இடப்பக்கப் பின் சக்கரத்தின் மேல் மட்டும் 840 கிலோ, வலப்பக்கத்தில் 720. தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி, மின்கலம் மூன்றையும் இடப்பக்கமே வரிசையாக வைத்திருந்தோம். உரிந்த டயரும் அந்தப் பக்கத்து டயர்தான். மின்கலத்தை வலப்பக்கம் மாற்றி, எரிவாயு உருளையையும் நகர்த்திய பிறகு 800, 760 என்று ஓரளவு சமனானது. இந்த வேலைக்கு ஒரு காசு செலவில்லை. பெரியவருக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்ததைத் தவிர.

தனிச் சக்கரத்துக்குக் கிடைத்த எண்களில் மிகப் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியை நம்பாதீர்கள். பொருள்களை மாற்றி வைத்த பிறகு எங்களுக்கு அது 800. அந்த எண்ணுக்கு மேல் 15 முதல் 20 விழுக்காடு வரை கூடுதல் தாங்கும் டயரைத் தேடுவது பாதுகாப்பு. வண்டியின் மொத்த எடையோ அச்சின் எடையோ உற்பத்தியாளர் அனுமதித்த அளவையே தாண்டியிருந்தால் டயர் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. பொருளை இறக்கத்தான் வேண்டும்.

பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிப்பது

எங்கள் வண்டியின் அளவு 195 ஆர்15சி 106/104. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். ஆர் என்பது ரேடியல் என்ற கட்டமைப்பு வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். சில அளவுகளில் 225/75 என்பதுபோல் இரண்டாவது எண் வரும்; அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கவாட்டுச் சுவரின் உயரம் என்பதை அது குறிக்கும். சி என்பது சரக்கு ஏற்றும் வண்டிக்குச் செய்யப்பட்ட டயர் என்பதற்கான அடையாளம். மோட்டார்ஹோமுக்கு இந்த ஒற்றை எழுத்து பெரிய எழுத்து; அது இல்லாத கார் டயரை, அளவு பொருந்தினாலும், தொடவே தொடாதீர்கள்.

106/104 என்பது சுமைக் குறியீடு. இது கிலோ அன்று; அட்டவணையில் பார்க்க வேண்டிய எண். 104 என்றால் 900 கிலோ, 106 என்றால் 950, 107 என்றால் 975, 109 என்றால் 1,030, 112 என்றால் 1,120, 116 என்றால் 1,250, 121 என்றால் 1,450. முதல் எண் ஒரு பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள அச்சுக்கும், இரண்டாவது எண் பின்பக்கம் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கும் பொருந்தும். சிறு லாரியின் மேல் கட்டிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும்.

இந்த அட்டவணை எங்களை ஒரு முறை காப்பாற்றியது. கடைக்காரர் ஒருவர், எங்கள் அளவு கைவசம் இல்லை, 205/70 ஆர்15 போடலாம், நன்றாக உட்காரும், விலையும் குறைவு என்றார். உட்காரும் என்பது உண்மை. ஆனால் அவர் காட்டியது சுமைக் குறியீடு 96 கொண்ட கார் டயர். ஒன்று 710 கிலோதான் தாங்கும். இரண்டு சேர்ந்தாலும் 1,420. எங்கள் பின் அச்சோ 1,560. அதோடு விட்டத்திலும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் சிறிது. அவர் நம்மை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். வெறும் வேனாக நினைத்துச் சொல்லியிருப்பார். உள்ளே ஒரு சமையலறை இருப்பது அவருக்குத் தெரியாது.

ஐரோப்பியத் தயாரிப்பான டுக்காட்டோ போன்ற வண்டிகளில் 225/75 ஆர்16 சிபி என்று இருக்கும். சிபி என்பது மோட்டார்ஹோமுக்கென்றே வகுத்த டயர். பின் அச்சில் 5.5 பார், அதாவது ஏறக்குறைய 80 பிஎஸ்ஐ வரை காற்றடிக்க அனுமதிப்பது. விலையும் அதிகம், இங்கே கடையில் வைத்திருப்பவரும் குறைவு. அதே அளவில் 121/120 சுமைக் குறியீடு கொண்ட சி டயர் சரக்கு வேன்களுக்காகப் பரவலாகச் செய்யப்படுகிறது. நிறுத்துப் பார்த்த எடைக்கும் வண்டிக் கையேட்டின் அழுத்தத்துக்கும் அது போதுமானால், சிக்கனம் தேடுபவருக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. குறியீட்டை ஒருபோதும் கீழே இறக்காதீர்கள், மேலே ஏற்றலாம்.

சுமைக் குறியீட்டை அடுத்து வரும் ஆங்கில எழுத்தான வேகக் குறியீட்டில் பணத்தை வீணாக்க வேண்டாம். ‘என்’ என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர், ‘கியூ’ என்றால் 160, ‘ஆர்’ என்றால் 170. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் உச்ச வேக வரம்பே 110தான். நம் வண்டி அதைத் தொடும்போதே அலமாரிக் கதவுகள் திறந்துகொள்ளும். வண்டிக் கையேடு கேட்கும் எழுத்து இருந்தால் போதும்.

எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்

சுமைக் குறியீடும் தேதியும் பேரத்துக்கு அப்பாற்பட்டவை. மூன்றாவதாக நான் பணம் கொடுப்பது ஈரச் சாலையில் பிடிப்புக்கு. நவம்பர், டிசம்பர் மழையில் மெர்சிங் பக்கமோ குவாந்தான் பக்கமோ போனவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பாவில் விற்கப்படும் டயர்களுக்கு ஈரப் பிடிப்பை ஏ முதல் இ வரை ஐந்து படிகளில் காட்டும் சீட்டு உண்டு. அதே டயர் அங்கும் விற்பனையானால், அதன் பெயரையும் அளவையும் கொண்டு இணையத்தில் தேடி அந்தப் படியை இங்கிருந்தே அறியலாம். குறைந்த விலை டயர்களுக்குள்ளேயே பி பெற்றதும் உண்டு, டி பெற்றதும் உண்டு. விலை வேறுபாடு பல நேரங்களில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். பி அல்லது சி என்றால் வாங்குவேன்; அதற்குக் கீழே போகமாட்டேன்.

பக்கவாட்டில் வட்டத்துக்குள் இ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளின்படி அங்கீகாரம் பெற்றதற்கான முத்திரை அது. சரக்கு வண்டி டயருக்கான விதி எண் 54. கார் டயருக்கு 30. சத்தம், ஈரப் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் இழப்பு ஆகியவற்றுக்கான விதி 117. முத்திரை இருந்தால் டயர் மிகச் சிறந்தது என்று ஆகிவிடாது. குறைந்தபட்சச் சோதனையையாவது தாண்டியது என்று ஆகும். பெயர் தெரியாத பிராண்டுக்கு அதுதான் முகவரி.

பிராண்டு என்று வரும்போது மூன்று அடுக்குகளாகப் பிரித்துக்கொண்டேன். மிச்செலின், பிரிட்ஜ்ஸ்டோன், காண்டினென்டல் ஆகியவை மேல் அடுக்கு. ஹான்கூக், கும்ஹோ, டோயோ, மேக்சிஸ், ஜிடி ரேடியல் போன்றவை நடு அடுக்கு. அதற்குக் கீழே சைலுன், லிங்லாங், வெஸ்ட்லேக், டிரையாங்கிள் என்று சீன நிறுவனங்களின் பெரிய வரிசை இருக்கிறது. இதில் நடு அடுக்குதான் எனக்குப் பிடித்த இடம். ஜிடி ரேடியலின் தாய் நிறுவனமான கித்தியின் தலைமையகம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. டோயோவுக்கு பேராக் மாநிலத்தின் கமுந்திங்கில் ஆலை உண்டு. பக்கத்தில் செய்வதும் விற்பதும் நடக்கும் டயர், நெடுந்தூரம் கப்பலில் வந்து கிடங்கில் காத்திருந்த டயரைவிடப் புதிதாகக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கீழ் அடுக்கை நான் ஒதுக்கவில்லை. அதே அளவு, அதே குறியீடு, முத்திரை, புதுத் தேதி, ஈரப் பிடிப்பு எல்லாம் இருந்தால் வாங்கலாம். இவற்றில் ஒன்றைக்கூடக் கடைக்காரரால் காட்ட முடியாவிட்டால் வேண்டாம்.

பழைய டயரின் மேல் புதுத் தரைப்பட்டை ஒட்டிய டயரை, மலாயில் ‘செலுப்’ என்பதை, மோட்டார்ஹோமுக்குப் போடாதீர்கள்; முன் அச்சுக்கு அறவே கூடாது. ஜப்பானிலிருந்து வரும் பழைய டயர்களும் ஜோகூரில் கிடைக்கின்றன. பூ நிறைய இருக்கும், விலை ஆசை காட்டும். அவற்றில் பனிக்காலத்துக்கான மென்மையான ரப்பர் டயர்களும் கலந்திருக்கும். நம் சாலைச் சூட்டில் அவை குழைந்து தேயும். வயதோடு போராடும் நாம், வயதானதை விலை கொடுத்து வாங்குவதில் அர்த்தமில்லை.

என் பாட்டனார் லாபிஸ் பக்கம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்.  பால் எடுத்த அன்றே கறுக்கத் தொடங்கிவிடும், உடனே ஆலைக்குப் போக வேண்டும் என்பார். ரப்பருக்குப் பொறுமை கிடையாது என்பதை அவர் சொல்லிக் கேட்டிருந்தும், 1116ஐ நான் பார்க்கவில்லை.

கடையில் நிற்கும்போது

தொலைபேசியிலேயே அளவு, சுமைக் குறியீடு, தயாரித்த வாரம் மூன்றையும் கேளுங்கள். தேதி கேட்டதும் ‘எல்லாம் புதுசுதான் பாஸ்’ என்று பதில் வந்தால், கிடங்கிலிருக்கும் டயரின் நான்கு இலக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதிக் கடைகள் அங்கேயே கழன்றுவிடும். டிஓடி என்ற எழுத்துகளில் தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களே தேதி: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழு எண் இருக்கும். மறுபக்கத்தில் குறுகிய வரி மட்டும் இருப்பது வழக்கம். ஆகவே பொருத்துவதற்கு முன்பே, ஒவ்வொரு டயரையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எங்களுக்கு வந்த ஐந்தில் ஒன்று மற்றவற்றைவிட இரண்டு ஆண்டு பழையது. மச்சான் கைப்பேசி விளக்கை அடித்துக் கண்டுபிடித்தார். மாற்றிக் கொடுத்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஓராண்டுக்கு உட்பட்டதை மட்டுமே நான் ஏற்பேன்.

சிங்கப்பூரில் வாங்குவதா ஜோகூரிலா என்ற கேள்விக்கு, வண்டி எங்கே பதிவாகியிருக்கிறது என்பதே பாதி பதில். மலேசிய வண்டிக்கு ஜோகூர்தான். சிங்கப்பூர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அங்கே டயர் மாற்றித் திரும்புபவர்கள், அந்த டயர்களும் வெளிநாட்டில் வாங்கிய பொருள்களே என்பதை நினைவில் வைக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்கு ஜிஎஸ்டி விலக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரைதான். அதற்கு மேல் தங்கியவருக்கு 500 வெள்ளி. மீறும் தொகைக்கு 9 விழுக்காடு உண்டு. அதையும், எண்ணெய்ச் செலவையும், உட்லண்ட்ஸ் பாலத்தில் கழியும் மூன்று மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ இருக்கும் பட்டறையின் விலை அவ்வளவு அதிகமாகத் தோன்றாது. பழுது வந்தால் திரும்பப் போய்க் கேட்கவும் பக்கம். சிங்கப்பூரில் இலகு சரக்கு வாகனங்கள் பத்து ஆண்டு வரை ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். டயரும் அதில் பார்க்கப்படும். சோதனைக்கு ஒரு மாதம் முன்பே டயர் வேலையை முடித்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

பொருத்தும்போது

குறைந்த விலை டயரில் மிச்சமான பணத்தில் கொஞ்சத்தை இங்கே செலவிடுங்கள். பழைய வால்வில் புது டயரைப் பொருத்த விடாதீர்கள். கார்களுக்குப் பொதுவாகப் போடும் இழுத்துப் பொருத்தும் ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான். எங்கள் டயரின் உச்ச அழுத்தமும் அதே 65 என்பதால், எல்லையில் நிற்காமல் உலோக வால்வு போடச் சொன்னோம். ஐந்துக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிடும் காசு. பல கடைகளில் கேட்டால்தான் போடுவார்கள்.

நான்கையும் ஒருசேர மாற்ற இயலாமல் இரண்டை மட்டும் வாங்கினால், புதியவற்றைப் பின் அச்சில் போடுங்கள். ஈரத்தில் முன் சக்கரம் பிடி தளர்ந்தால் ஓட்டுநர் ஓரளவு சமாளிக்கலாம். பின் சக்கரம் தளர்ந்தால் வண்டி சுழலும். ஒரே அச்சில் இரண்டு வகை டயர் வேண்டாம். பேலன்சிங் ஐந்துக்கும், அலைன்மென்ட் ஒருமுறையும் செய்யுங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அனுப்பும் வழக்கம் எங்கும் உண்டு. கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

காற்று எவ்வளவு என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பக்கவாட்டில் எழுதியிருப்பது உச்ச அளவு. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டில் இருப்பது வேனாகப் பிறந்தபோது சொன்ன அளவு. சரியானது, நீங்கள் எடைமேடையில் கண்ட எடைக்கு டயர் நிறுவனத்தின் சுமை அழுத்த அட்டவணை காட்டும் அளவு. குறைந்த அடுக்கு பிராண்டுகளில் அந்த அட்டவணை கிடைக்காவிட்டால், கதவோரச் சீட்டின் முழுச்சுமை அளவுக்குக் கீழே இறங்காதீர்கள். ஒரே அச்சின் இரு பக்கத்துக்கும், கனமான பக்கத்துக்கு உரிய அழுத்தத்தையே அடியுங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன், குளிர்ந்த நிலையில் மட்டுமே அளந்து அடிக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிட்டால், மறுநாள் காற்றுக் குறைவோடு புறப்படுவீர்கள். குறைந்த காற்றில் ஓடும் டயர் அதிகம் நெளிந்து, அதிகம் சூடேறும். ஈப்போ வரையிலான ஐந்தாறு மணி நேர ஓட்டத்தில் அந்தச் சூடு சேர்ந்துகொண்டே போகும்.

புது டயரின் மேற்பரப்பில், ஆலையில் வார்ப்பிலிருந்து கழற்றுவதற்காகத் தடவிய வழுக்குப் பூச்சு ஒட்டியிருக்கும். முதல் 200, 300 கிலோமீட்டருக்கு மழையில் வேகம் வேண்டாம்.

நின்றிருக்கும் காலத்தில்

வெயில் படும் பக்கத்து டயர்களுக்குத் துணி உறை போடுங்கள். வண்டி நிற்கும் காலத்தில் காற்றைக் குறைக்காதீர்கள். பெட்ரோலியம் கலந்த பளபளப்புத் திரவம் தடவாதீர்கள். சோப்பும் தண்ணீரும் போதும். மாதம் ஒருமுறையாவது பத்திருபது கிலோமீட்டர் ஓட்டிவந்தால், ஒரே இடத்தில் அழுந்தி நிற்பதும் குறையும், உள்ளிருக்கும் மெழுகும் மேலே வரும். மச்சான் ஞாயிறு காலையில் அந்த வண்டியிலேயே சந்தைக்குப் போய் வருகிறார்.

இப்போது ஐந்து டயர்களின் தேதியையும், மாற்ற வேண்டிய மாதத்தையும் வெள்ளைப் பேனாவால் ஒரு துண்டு நாடாவில் எழுதி, ஓட்டுநர் பக்கத்துக் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கிறோம். கடைசி வரியில் ஸ்பேருக்கு எதிரே 2029 மார்ச் என்று இருக்கிறது.